முழங்காலளவு அணை

அவர் எங்களிடம் கேட்டது ஒரு போர்க்களம்.

ரோஜாப் பாத்தி கேட்பார்கள். புல்தரை கேட்பார்கள். எல்ல ஊர்ப் பக்கத்து விடுதிக்காரர்கள், வெள்ளைக்காரர்கள் நின்று படமெடுக்க மலை விளிம்பில் ஒரு மேடு கேட்பார்கள். வீட்டுத் தோட்டம் போட்டுக் கொடுக்கும் குத்தகை வேலையில்தான் நான் அரிசி வாங்குகிறேன். எழுதுகிற கவிதையில் இதுவரை ஒரு தேங்காய்கூட வாங்கியதில்லை. மண்ணைக் கொத்தச் சொன்னவர்கள் உண்டு, நிரவச் சொன்னவர்கள் உண்டு, மூடச் சொன்னவர்கள் உண்டு. ஆட்கள் செத்து விழுந்த நிலமொன்றைச் செய்து தா என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற ஜெனரல். தியத்தலாவைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், பழைய பங்களா ஒன்றை வாங்கிக் குடியிருந்தார். எங்கள் ஆட்கள் அவரையும் தொரை என்றே சொன்னார்கள். பங்களாவில் இருக்கிறவர் யாராயிருந்தாலும் தொரைதான். பின்பக்கம் கைப்பந்து மைதானம் அளவுக்கு ஒரு சரிவு, அதற்குக் கீழே பள்ளத்தாக்கு. பனி இன்னும் கலையாத காலையில் அவர் பிரம்பால் அந்தச் சரிவைக் குத்திக் குத்திக் காட்டினார்.

“இங்கே களப்பு, உப்புத் தண்ணீர். இங்கே அவர்களுடைய மண் அணை. அணைக்குப் பின்னால் தென்னந்தோப்பு, அதற்கும் பின்னால் கடல். இந்தப் பக்கம் நான்.”

சிங்களத்தில்தான் பேசினார். பதுளையில் பிறந்தவனுக்கு அதற்கென்று தனிக்காது வேண்டியதில்லை. ‘நான்’ என்ற இடத்தில் பிரம்பை மண்ணில் ஊன்றி, கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். விழவில்லை. முகத்தில் ஒரு திருப்தி.

தன்னிடம் வேலை செய்த சிப்பாய்கள் அடுத்த மாதம் குடும்பத்தோடு வருகிறார்களாம். அவர்களுக்குக் காட்டத்தான் இந்தக் களம். “பையன்கள் எனக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? இப்பா.” ஆமை. சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பெயரை ஒரு பதக்கத்தைவிடப் பத்திரமாக வைத்திருந்தார் என்று தோன்றியது. “எனக்கு முன்னால் அந்த அணையை நோக்கி ஓடிய ஒரு அதிகாரி இருந்தார். துணிச்சல்காரர், பத்திரிகையில் படம் வந்தது. அவருடைய பையன்களை நாங்கள் களப்பிலிருந்து பொறுக்கி எடுத்தோம். ஒரு பூட்ஸுக்குள் கால் இருந்தது. பூட்ஸ் நன்றாகப் பாலிஷ் போட்டிருந்தது. அந்தப் பையன் காலையில் எழுந்து பாலிஷ் போட்டிருக்கிறான், இல்லையா? அன்றைக்கே முடிவு செய்தேன். நான் ஓடுவதில்லை.”

நின்றாராம். மேலிடத்திலிருந்து தினமும் திட்டு. போ, போ, ஏன் போகவில்லை. இவர் பதில், பார்க்கலாம். கண்ணிவெடி ஒவ்வொன்றாக எடுக்கட்டும், பார்க்கலாம். காற்று திரும்பட்டும், பார்க்கலாம். அணைக்கு இந்தப் பக்கம், ஆமை ஓட்டுக்குள் தலையை வைத்துக்கொண்டு, அத்தனை நாளும். சித்திரைப் புத்தாண்டு வந்தால் இந்த வீட்டில் கெவும் பணியாரம் வைக்க இடமிருக்காது என்றார். மகன்கள் முழுசாகத் திரும்பி வந்த தாய்மார் எண்ணெய் சொட்டச் சொட்டச் சுட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

அதைச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிற்று. பொய்க் கலக்கமில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாயிருந்தது.

ஏனென்றால் அந்த அணைக்கு மறுபக்கம், அந்தத் தென்னந்தோப்புக்குள், என் அக்கா இருந்தாள்.

*

அத்தானின் வீட்டார் ஹாலிஎல பஜாரில் கடை வைத்திருந்தவர்கள். தமிழர் கடைகளை எரித்த வருஷத்தில் கடையும் எரிந்தது, கடைக்குள் அத்தானின் தகப்பனும் எரிந்தார். மிச்சமிருந்தவர்கள், இனி நம்ம ஆட்கள் நடுவிலேயே இருப்போம் என்று வடக்கே வன்னிக்குப் போய்க் காடு வெட்டினார்கள். பிறகு பெண் கேட்டு மலைக்கு வந்தார்கள். அக்கா போனாள். தேயிலைச் சரிவிலிருந்து தட்டையான ஒரு நாட்டுக்கு. முதல் கடிதத்தில், இங்க விழுந்தா உருளமாட்டோம், விழுந்த எடத்துலயே கெடப்போம் என்று எழுதியிருந்தாள். சிரிப்பதற்காக எழுதியது.

யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து வெளியே விட்டபோது தனியாகத் திரும்பி வந்தாள். பிள்ளை பிறக்கவில்லை. அத்தான் இல்லை. கழுத்தில் தாலி மட்டும் இருந்தது. தோட்டத்து வரிசைவீட்டில், எங்கள் பழைய லயத்துக் காம்பராவிலேயே இருந்துகொண்டு கொழுந்தெடுக்கப் போனாள்.

புருஷன் செத்தால் கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். உடன்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுபோய்ப் போடவேண்டும். அதற்குப் பிறகுதான் தாலி இறங்கும், செத்தவர் போய்ச்சேருவார். ஒருமுறை கோடி எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே மறித்தாள்.

“அவரு எங்க கெடக்குறாருன்னு காட்டு. அந்த மண்ணுல வச்சு செய்வோம். அப்ப கட்டுறேன்.”

“அங்க எப்படிக்கா போறது? அந்த எடம் இப்ப எப்படி இருக்கோ. கம்பி போட்டிருக்கானுங்களாம்.”

“அப்ப கோடிய திருப்பிக் குடுத்துட்டு வேற ஏதாச்சும் வாங்கு. போர்வையாச்சும் வாங்கு. குளிருது.”

போர்வை வாங்கினேன். வருஷங்கள் போயின. லயத்தில் சனங்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறாளாம், கிறுக்கு. இல்லை. செத்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். அத்தான் பாதியில் நிற்கிறார் என்பதுதான் அவளுக்கு. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. கருமாதி செய்யாதவரை அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். அவளும்.

ஜெனரல் வேலையைப் பற்றி நான் அக்கா வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“களப்பா? தென்னந்தோப்பா? அணை எந்தப் பக்கம்?”

சொன்னேன்.

“நானும் வாறேன். ஆள் வேணும்தான ஒனக்கு?”

“அக்கா, வேணாம்.”

“கூலி குடுக்கலைன்னாலும் வாறேன்.”

*

மூன்று பேர் வேலை. நான், அக்கா, லயத்தில் எல்லோருக்கும் சித்தப்பாவாகிவிட்ட ஒரு மனிதர். சித்தப்பா ஆயுசு முழுக்கத் தோட்டத்தில் கான் வெட்டியவர். மழைத்தண்ணீர் மண்ணைக் கொண்டுபோகாமல் சரிவில் குறுக்கே வெட்டும் வடிகானுக்குத்தான் அந்தப் பெயர். அவர் கையில் மம்பட்டி இருந்தால் பூமி சாய்ந்துதான் தீரும்.

மண்ணை வெட்டினோம். அதை என்னால் மென்மையாகச் சொல்ல முடியவில்லை. புல்லைத் தோலுரித்தோம், வேரைப் பிய்த்தோம், சிவப்பு மண் ஈரத்தோடு மல்லாந்து கிடந்தது. மண்புழுக்கள் இரண்டு துண்டாகி இரண்டும் துடித்தன. கவ்வாத்துச் செய்து எறிந்த தேயிலைக் குச்சிகளை அள்ளிவந்து தென்னைகளாக நட்டோம். அணையை முழங்கால் உயரத்துக்குக் குவித்து அறைந்தோம். அணைக்கும் இவருடைய இடத்துக்கும் நடுவில் களப்புக்குக் குழி, தோப்புக்குப் பின்னால் கடலுக்கு இன்னொன்று, குழாயால் தண்ணீர். ஜெனரல் தன் இடத்தில் ஒரு சின்னக் கொடியை நட்டு, பக்கத்தில் ஈயச் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார்.

அன்றைக்குப் பின்னேரம் மழை அடித்தது. ஊவா மலையில் ஐப்பசி மழை கேட்டுக்கொண்டு வராது. இடி முதலில் மண்டையில் விழும், பிறகுதான் வானம் கறுத்ததையே பார்ப்போம். வராந்தாவுக்கு ஓடினோம். அங்கிருந்து பார்த்தால், போர்க்களத்தில் தண்ணீர் ஒரு முடிவோடு நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா பழக்கத்தில் நிலம் முழுக்கச் சாய்வு கொடுத்திருக்கிறார். போதாததற்குத் தோப்புக்கும் அணைக்கும் அடியில் குறுக்கே அழகாகக் கானும் வெட்டி, வண்டல் நிற்கக் குழியும் எடுத்திருக்கிறார். கடல் தோப்புக்குள் வந்தது. தோப்பு களப்புக்குள் வந்தது. களப்பு கரையேறி நேரே ஜெனரலின் கொடியைத் தேடிப் போயிற்று. ஈயச் சிப்பாய்கள் மல்லாந்து, குப்புற, ஒருவன்மேல் ஒருவனாக மிதந்து பள்ளத்தாக்குப் பக்கம் போனார்கள்.

“ஐயய்யோ, தொரை முங்கிட்டாரு!” என்றார் சித்தப்பா.

“யார் இங்கே கான் வெட்டச் சொன்னது?” ஜெனரல் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சித்தப்பா தன் சிங்களத்தில் பணிவாகச் சொன்னார். “தண்ணி நின்னா வேரு அழுகிப்போகும் தொரை.”

“அது வேர் இல்லை! அது குச்சி!”

“குச்சின்னாலும் தொரை...”

அக்கா சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, முதுகு குலுங்க, மூச்சு முட்டச் சிரித்தாள். திரும்பி வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு நிற்காமல் போய்க்கொண்டேயிருந்தது, ஒரு கட்டத்தில் அது வேறு என்னவோ ஆயிற்று. நான் தோளைப் பிடித்தேன். தட்டிவிட்டாள்.

“சித்தப்பாவுக்குத் தட்டைன்னா என்னன்னே தெரியாது தம்பி. அங்க தண்ணி எங்கயும் போகாது. அங்க எதுவுமே எங்கயும் போகாது.”

மழை விட்டதும் ஜெனரல் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சிப்பாய்களைப் பொறுக்கினார். குனிந்து குனிந்து, சேற்றுக்குள் விரலை விட்டு, ஒருவனையும் விடாமல். பழகிய கை.

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பச் செய்தோம். மேல்பக்கத்தை வெட்டிக் கீழ்ப்பக்கம் கல் வைத்துக் கட்டி நிரப்பியாயிற்று. ஆனால் சித்தப்பா மட்டம் பார்க்கப் பார்க்கச் சாய்வு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு காலையில் அக்கா, “தள்ளுங்க” என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். குதிகாலால் மிதித்தாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, அங்கிருந்து இங்கே, சேறு கணுக்காலுக்கு மேலே தெறிக்கத் தெறிக்க மிதித்தாள். தேயிலையில் கொழுந்தெடுக்கிற கால். ஒன்று மேலே ஒன்று கீழே நின்று பழகியது. அதை ஒரே மட்டத்தில் வைத்து மிதிக்க அவளுக்கு எங்கேயோ உள்ளேயிருந்து வேகம் வந்தது. எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் நிலம் தட்டையாயிற்று.

பிறகு தேயிலைக் குச்சிகளைத் திரும்ப நட்டாள். பாதி நட்டதும் ஓரிடத்தில் நின்றாள். அணையிலிருந்து கொஞ்சம் உள்ளே. நின்ற இடத்திலேயே நின்றாள்.

*

பிளேன்டீ நேரம். சித்தப்பா சிரட்டையில் சீனி வைத்துக்கொண்டு கூப்பிட்டார். அவள் வரவில்லை. நாங்கள் அவளிடம் போனோம். வராந்தாவில் ஜெனரல் சாய்வு நாற்காலியில் இருந்தார், கேட்கிற தூரம்தான்.

“இந்த எடத்துல தண்ணித் தொட்டி ஒண்ணு இருந்துச்சு” என்றாள் அக்கா. “பாதி ஒடஞ்ச தொட்டி. அதுக்குப் பக்கத்துல நம்ம பங்கரு. அவரு கடைக்காரரு மகன், அவருக்கு எங்க வெட்டத் தெரியும்? நான்தான் வெட்டுனேன். மணல் மூட்டைக்கு சாக்கு இல்ல. எல்லாரும் சேலைய தச்சு மண்ணு ரொப்புனாங்க. என் கூறச்சேலையும் போச்சு. அங்க பாத்தா கல்யாண வீடு மாதிரி இருக்கும் சித்தப்பா, அத்தன கலரு.”

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆமி வந்து அணைக்கு அந்தப் பக்கம் நின்னுருச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அவரு தெனமும் சொல்லுவாரு, விடிஞ்சா வந்துருவானுங்க, வந்தா கையத் தூக்கிக்கிட்டுப் போயிரலாம், இப்ப எந்திரிச்சு ஓடாதன்னு. ஓடுனா நம்ம பயலுகளே முதுகுல சுடுவானுங்க. பக்கத்து பங்கரு ஆளு ஒருத்தரு களப்புல எறங்குனாரு, சுட்டுட்டானுங்க. எறங்காம இருந்தா மேல இருந்து விழுது. நான் சொன்னேன், வாங்க, நம்ம ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள போயிருவோம், செத்தா செத்துட்டுப் போறோம்னு. இல்ல, விடியட்டும்னாரு. விடிஞ்சுச்சு. யாரும் வரல. இன்னைக்கு நைட்டு பாப்போம்னாரு. அப்புறமும் விடிஞ்சுச்சு. செல்லு மட்டும்தான் வந்துச்சு. பக்கத்து பங்கருக்குள்ள ஒண்ணு எறங்குச்சு. அம்மாவும் புள்ளைகளும் இருந்தாங்க. நாங்க மண்ண மூடிட்டோம், வேற என்ன செய்றது, கொஞ்சம் மண்ணுதான் தள்ளணும், குழி ஏற்கெனவே இருக்குல்ல.”

கழுத்திலிருந்த தாலிக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தாள். விரல் வெளுத்திருந்தது.

“ஒரு நாள் காலையில தண்ணி புடிக்கப் போனாரு. நான் எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். சத்தம் எனக்கு கேக்கல. மண்ணுதான் ஒதறுச்சு. பாத்தா நிக்கிறாரு. நின்னுக்கிட்டே இருக்காரு. கையில கொடம் இருக்கு. தோளுக்கு மேல ஒண்ணும் இல்ல. விழவே இல்லையே சித்தப்பா. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா, கொடத்த வாங்கிருவோம், தண்ணி சிந்திரும்னு. எந்திரிச்சேன். அதுக்குள்ள அடுத்தது விழுந்துருச்சு. யாரோ என் தலமுடியப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. அவ்வளவுதான். அப்புறம் எல்லாம் அடங்கினப்புறம் வந்தானுங்க, அணைய ஒடச்சுக்கிட்டு. வாங்க வாங்க பயப்படாதீங்கன்னு மைக்குல கூப்புட்டானுங்க.”

வராந்தாவில் நாற்காலி கிரீச்சிட்டது. ஜெனரல் எழுந்து நின்றிருந்தார். தமிழ் தெரியாது. ஆனால் ஒரு பெண் ஓரிடத்தில் நின்று எதைச் சொல்கிறாள் என்று அறிய மொழி வேண்டியதில்லை.

“என்ன சொல்கிறாள்?” என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். ஹாலிஎலயில் எரிந்த கடையிலிருந்து தொடங்கி, சேலையையும், குடத்தையும், ஒன்றும் விடாமல் சொன்னேன். என் சிங்களம் பஜாரில் காய்கறி விலை பேசப் பழகியது. அதில் இதைச் சொன்னபோது ஒவ்வொரு சொல்லும் எடை கூடி, நாக்கில் இரும்பு மாதிரி இருந்தது. கடைசியில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்.

“நீங்க ஏன் வரலன்னு கேளு.”

கேட்டேன்.

ஜெனரல் பிரம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “பீரங்கி எனக்குக் கீழே இல்லை” என்றார். “அது வேறு ஆட்கள்.” பிறகு, “யோசித்துச் சொல்கிறேன்” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சித்தப்பா காறித் துப்பினார். “பாக்கலாம்ன்னுட்டுப் போறாரு பாரு. எதுக்கெடுத்தாலும் பாக்கலாம்.”

*

அடுத்து வந்த நாட்களில் அவர் வெளியே வரவில்லை. சமையல்காரம்மா வந்து தேநீர் கொடுத்துவிட்டுப் போவாள். சன்னல் திரை கொஞ்சம் விலகியிருக்கும். அங்கே ஒரு முகம் இருக்கும். அவர் களத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்திலும் இப்படித்தான் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

நாங்கள் வேலையை முடித்தோம். களப்பில் தண்ணீர் நின்றது, அசையாமல். விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் செய்யவேண்டிய கூட்டிப் பெருக்குகிற வேலைதான் பாக்கி.

அதற்கும் முந்தின சாயங்காலம் அக்கா சொன்னாள். “தம்பி, கோடி எடுத்துட்டு வா.”

நான் மண் ஒட்டிய கையைக் கழுவினேன்.

“வெள்ளை வேணாம். வெயிலுக்குக் கொழுந்தெடுக்கக் கட்டுற மாதிரி ஏதாச்சும் எடு.”

பதுளை பஜாரில் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று எடுத்தேன். கடைக்காரர் கல்யாணத்துக்கா என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

காலையில் அக்கா ஆற்றிலிருந்து ஒரு கல் எடுத்து வந்திருந்தாள், உள்ளங்கையில் அடங்குகிற கல். போத்தலில் பால். எள்ளு, அரிசி, வாழையிலை. சித்தப்பா குளித்துத் திருநீறு பூசியிருந்தார். பங்களா வாசலில் யாரும் மறிக்கவில்லை. நாங்கள் வேலையாட்கள்தானே, வேலைக்கு வருகிறோம்.

அக்கா நேராகத் தோப்புக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. களப்பைச் சுற்றி ஜெனரலின் பக்கம் போனாள். அவருடைய கொடிக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து அணையைப் பார்த்தாள். பிறகு மம்பட்டியை எடுத்துக்கொண்டு களப்புத் தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள், முழங்காலுக்குத் தண்ணீர், நாலு எட்டு, மறுகரை, ஓங்கி வெட்டினாள்.

மண் கிழிந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நாங்கள் அறைந்து அறைந்து கட்டிய அணை. இரண்டாவது வெட்டு. மூன்றாவது. கல் தெறித்துச் சித்தப்பாவின் காலில் பட்டது, அவர் அசையவில்லை. மம்பட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, வயிற்றிலிருந்து ஒரு சத்தத்தோடு, மனிதனை வெட்டுவது மாதிரி வெட்டினாள். முகமெல்லாம் சேறு. அணை வாய் பிளந்தது. தண்ணீர் மளமளவென்று தோப்புக்குள் ஓடிக் குச்சிகளைச் சாய்த்தது.

பிளந்த இடத்தில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள். “இவ்வளவுதானா?”

ஜெனரல் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். பிரம்பு ஒவ்வொரு படியிலும் தட்டியது. புல்தரை முடிந்து களம் தொடங்குகிற ஓரத்தில் நின்றார். தடுக்கவில்லை. ஆளைக் கூப்பிடவில்லை. நான் வாய் திறந்தேன், மொழிபெயர்க்க. அக்கா என்னைக் கையால் நிறுத்தினாள். அவளே கேட்டாள், சிங்களத்தில். சின்ன வயதில் ஹாலிஎல சந்தையில் பேசிய சிங்களம். வன்னிக்குப் போன நாளிலிருந்து அவள் வாய்க்குள் மூடிக்கிடந்தது.

“தொரை. நீங்க யோசிச்சீங்களா?”

“யோசித்தேன்.”

“ஏன் வரல?”

“அந்தப் பக்கம் சனங்கள் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றேன். உள்ளே போயிருந்தால் கைக்குண்டு, துப்பாக்கி, இருட்டு. என் பையன்களும் செத்திருப்பார்கள். உங்கள் ஆட்கள் இன்னும் அதிகமாகச் செத்திருப்பார்கள்.”

“அந்த அதிகத்துல எங்க வீட்டுக்காரரு இருந்திருப்பாரா?”

ஜெனரல் பிரம்பின் நுனியைப் பார்த்தார். பள்ளத்தாக்கில் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போயிற்று. அக்கா அவசரப்படவில்லை. சேறு சொட்டச் சொட்ட நின்றாள்.

“தெரியாது” என்றார் அவர்.

“நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

“தெரியாது. ஒவ்வொரு நாளும் அந்த அணையைப் பார்த்தேன். நிற்பது சரி என்று நினைத்தேன். சரியா என்று எனக்குத் தெரியாது.”

அக்கா மம்பட்டியைக் கீழே போட்டாள். “சரி” என்றாள், தமிழில், எங்களைப் பார்த்து. “செய்வோம்.”

தண்ணித் தொட்டி இருந்த இடத்தில் கல்லை நட்டாள். ஈரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா இலையை விரித்தார். எள்ளும் அரிசியும் போட்டு, பாலை ஊற்றினோம். பால் சிவப்புச் சேற்றில் கலந்து எங்கேயும் போகாமல் கல்லைச் சுற்றியே நின்றது. அவள் மிதித்த நிலம் அவ்வளவு தட்டை. நான் கோடியை அவள் தோளில் போட்டேன். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒப்பாரி மாதிரியும் இல்லாமல், இருமல் மாதிரியும் இல்லாமல் ஒரு சத்தம் போட்டார். அக்கா அழவில்லை. தாலிக் கயிறு கழன்று வரவில்லை, இத்தனை வருஷத்து அழுக்கிலும் வியர்வையிலும் முடிச்சு கல்லாகியிருந்தது. பல்லால் கடித்தாள். கடித்து, இழுத்து, அறுத்தாள். கழுத்தில் ஒரு கோடு இரத்தம் வந்தது. தாலியைக் கல்லுக்கு அடியில் அமுக்கி, மேலே மண்ணைத் தள்ளி, கையால் தட்டினாள்.

“போயிட்டு வாங்க” என்றாள் கல்லிடம். “கொடத்த அங்கயே வச்சிருங்க.”

நான் திரும்பிப் பார்த்தேன். ஜெனரல் அதே ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். செருப்பு நுனி புல்லில், அதற்கு அப்பால் சேறு. அணை உடைந்து கிடந்தது. வழி திறந்திருந்தது. அவர் வரவில்லை.

கிளம்பும்போதுதான் என்னைக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. “நாளைக்குப் பையன்கள் வருகிறார்கள். அணையைத் திரும்பக் கட்ட முடியுமா?”

சித்தப்பா முந்திக்கொண்டார். “பாக்கலாம் தொரை.”

அக்கா அவரை முறைத்தாள். “கட்டிக் குடுங்க சித்தப்பா. அவருக்கு அது வேணும்.”

“கல்லு?” என்று நான் கேட்டேன்.

ஜெனரல் தோப்பைப் பார்த்தார். “இருக்கட்டும்” என்றார். பிறகு, தானே ஏதோ கட்டளையிட்டுவிட்டதாகப் பயந்தவர் போல, “இருந்தால் நல்லது” என்றார்.

பஸ்ஸுக்கு நடந்தோம். புதுச்சேலை கஞ்சி விறைப்பில் அவள் நடைக்கு ஒத்துவராமல் படபடத்தது. தாலி கிடந்த இடத்தில் வெளுப்பாக ஒரு வளையம், அதன்மேல் சிவப்பாக அந்தக் கீறல். கை அடிக்கடி அங்கே போய், எதையோ தேடி, ஒன்றும் கிடைக்காமல் இறங்கியது. தியத்தலாவைக் காற்று ஏறிக்கொண்டிருந்தது.

“தம்பி.”

“என்னக்கா?”

“கழுத்துல குளிருது.”

போர்வை எடுத்து வந்திருக்கலாம் என்றேன்.

“வேணாம்” என்றாள். “காத்து அடிக்கட்டும்.”